முன்சக்கரத்துக் கல்

செல்ஃப் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

"நேத்து எவ்வளவு குடிச்ச?" என்றார் பாலகுமார்.

டிரைவர் கருணாகரன் சாவியை மறுபடி திருகினான். பிக்கப்பின் முன்பம்பரில் செம்மண் அப்பியிருந்தது. ஒடிந்த தேயிலைக் குச்சி ஒன்று அதில் செருகிக்கொண்டு நின்றது.

"பாருங்கம்மா உங்க டிரைவரோட லட்சணத்த. நேத்து சாயங்காலம் வண்டியத் தேயிலைக்குள்ள உட்டுட்டான். இன்னைக்கு ஸ்டார்ட் ஆகலைங்கறான்."

பின்னால் ஏறி நின்றிருந்த பெண்கள் டிரைவரை முறைத்தார்கள். பாலகுமார்தான் அவர்களுக்கு மேஸ்திரி. வண்டியும் அவருடையது. கோத்தகிரிக்குக் கீழே கேரட் தோட்டத்தில் வேலை. வெயில் ஏறுவதற்குள் போய் இறங்காவிட்டால் தோட்டக்காரர் வேறு ஆட்களை வைத்துக்கொள்வார். அப்புறம் அந்த சீசன் முழுக்கக் கூப்பிடமாட்டார்.

"என்னா தம்பி, எங்க வயித்துல அடிக்கிற?" என்றாள் சின்னம்மை. கூட்டத்தில் அவள்தான் மூத்தவள்.

"எல்லாரும் எறங்கி நில்லுங்கக்கா. பாரம் கொறையட்டும்."

"ஸ்டார்ட் ஆகுறதுக்கும் பாரத்துக்கும் என்னா சம்பந்தம்? ஏறுனவங்க எறங்கமாட்டோம். நீ வண்டிய எடு."

பாலகுமார் பானட்டைத் தட்டினார். "தெற. டீசல் இருக்கா?"

"அரை டேங்க் இருக்குதுங்க."

"பேட்டரி?"

"செல்ஃப்தான் சுத்துதுங்களே."

"அப்ப லைன்ல ஏர் புடிச்சிருக்கும். பம்ப அமுத்து."

கருணாகரன் குனிந்து கைப்பம்பை அழுத்தினான். எழுந்துபோய் சாவியைத் திருகினான். செல்ஃப் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

"பனிக்கு டீசல் கட்டியிருக்கும். சுடுதண்ணி ஊத்து."

"சுடுதண்ணிக்கு இப்ப எங்க போறது? இந்தா, என் பிளேன்டி இருக்கு" என்று சின்னம்மை ஃபிளாஸ்க்கை நீட்டினாள். "வண்டிக்காவது சூடு ஏறட்டும். ஒனக்குத்தான் ஏறமாட்டேங்குது."

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை. கருணாகரன் ஃபிளாஸ்க்கை வாங்காமல் பானட்டை மூடினான்.

"ஜீப் ஓட்டற விமலக் கூப்பிடறேன்" என்றார் பாலகுமார். "அவன் ஒரே திருகுல எடுப்பான்."

"ஆரு வந்தாலும் இதே கததானுங்க."

"வாயப் பாரு. போன வாரம் ஒரு குத்தம், இந்த வாரம் ஒரு குத்தம். எப்பப் பாரு வண்டிமேலயே பழி. ஒனக்கு ஒடம்பு வணங்கலடா."

மேலே வீட்டுப் படியில் பிரியா இறங்கி வந்தாள். பாலகுமாரின் மகள். தினமும் முன்சீட்டில் ஏறிக் கோத்தகிரியில் காலேஜுக்கு இறங்கிக்கொள்வாள்.

"நல்லவேளை, இன்னும் கெளம்பல. அப்பா, நான் ஏறிக்கட்டுமா?"

"வேண்டாம். நீ பஸ்ஸுல போ."

"பஸ்ஸா? எதுக்குப்பா?"

"சொன்னாக் கேளு!"

அவர் போட்ட சத்தத்தில் பிரியா நகர்ந்து நின்றாள். பாலகுமார் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"டேய், எறக்கத்துலதான நிக்குது? ரெண்டாவது கியர்ல போட்டு உருட்டு. தானாப் புடிச்சுக்கும்."

மலையில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்திருந்தது. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் கல் அடை கொடுத்திருந்தது. கருணாகரன் அந்தக் கற்களுக்கு முன்னால் வந்து நின்றான்.

"உருட்ட வேண்டாமுங்க."

"ஏன்?"

"வேண்டாமுங்க."

"ஒன்னக் கேட்டா நான் முடிவு பண்றேன்? ஏறி உக்காரு. கல்ல நான் எடுக்கறேன்."

"எடுங்க மேஸ்திரி!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "இவங்கிட்ட என்னா பேச்சு!"

பாலகுமார் குனிந்தார். கருணாகரன் கல்லின்மேல் காலை வைத்து அழுத்தினான்.

அறை பளீரென்று விழுந்தது.

"இன்னும் ரெண்டு போடுங்க" என்றாள் சின்னம்மை.

"இன்னையோட ஒன் சோலி முடிஞ்சுது" என்றார் பாலகுமார். அவருக்கு மூச்சு வாங்கியது. "வேற எவங்கிட்டயும் நீ வண்டி ஓட்டமாட்ட. பாத்துக்கறேன். கால எடு."

கருணாகரன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. காலை எடுத்தான்.

"சரிங்க. கல்ல நானே எடுக்கறேன். நானே ஓட்டறேன். பாப்பாவ மட்டும் முன்னாடி ஏறச் சொல்லுங்க."

பஸ்ஸில் போக வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில் பிரியா கதவைத் திறந்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள்.

பாலகுமார் பாய்ந்தார். அவள் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் புத்தகப் பை ரோட்டில் விழுந்து உருண்டது. "விடுங்கப்பா, வலிக்குது" என்றாள் அவள். அவர் விடவில்லை.

பின்னால் நின்ற பெண்கள் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். மகளைப் பிடித்திருந்த மேஸ்திரியின் கையையே சின்னம்மை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பம்பரில் செருகியிருந்த தேயிலைக் குச்சியை எட்டிப் பார்த்தாள்.

"தம்பி" என்றாள். இப்போது குரல் வேறாக இருந்தது. "இந்த வண்டி ஸ்டார்ட் ஆகாதா?"

கருணாகரன் சட்டைப் பையில் கை விட்டான். வண்டியிலிருந்து அவனே கழற்றி வைத்திருந்த, விரல் நுனி அளவு சிவப்பு ஃபியூஸ் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"ஸ்டார்ட் ஆகும்க்கா. நிக்காது."