ஆணியில் மாட்டக் கூடாத சாவி

பானுப்பிரியாவின் தாவணி முடிச்சில் இன்றைக்கும் அந்த இரும்புச் சாவிதான் சிக்கியது. பெண்களைச் சோதித்து அனுப்பும் பேச்சியம்மாள் அதை எடுத்து, கேட் வாட்ச்மேன் ஊர்க்காவலனிடம் நீட்டினாள்.

"ஏலே, ஒன் ஆளு இன்னைக்கும் மாட்டிக்கிட்டா" என்றாள்.

ஏழாயிரம்பண்ணையில் அந்தப் பட்டாசுக் கம்பெனி கேட்டைத் தாண்டி இரும்பு போகக் கூடாது. கீழே விழுந்து ஒரு பொறி தட்டினால் கம்பெனியும் போகும், கணக்குப்பிள்ளையும் போவார். அதனால் ஹேர்பின், கொலுசு, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி கேட்டிலேயே ஆணியில் மாட்டிவிடுவார்கள். வேனில் வந்து இறங்கும் அத்தனை பெண்களுக்கும் இது தெரியும். பானுப்பிரியாவுக்கு மட்டும் தினமும் மறந்துபோகும்.

மறதிக்காரிக்குப் பேச்சில் மட்டும் அதிகாரம் குறையாது. "ஆணியில மாட்டாதீக. ஒங்க சட்டைப்பையிலயே வச்சிருங்க, சாயங்காலம் வாங்கிக்கிடுதேன்" என்பாள். ஒரு நாள் அசதியில் அவன் ஆணியில் மாட்டிவிட்டான். டீ குடிக்க வெளியே வந்தவள் அதைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் வைதாள். சாவி பைக்குள் போன பிறகுதான் டீயே குடித்தாள்.

அந்தச் சாவி ஊர்க்காவலன் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. சட்டைப்பை இருப்பதும் அங்கேதானே. அவளைக் கட்டிக்கொள்ள அவனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவள் அம்மா மாடத்தி பகலெல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவள். அந்த வீட்டைப் பூட்டுகிற வழக்கமே கிடையாது. அப்படியென்றால் இது எவன் வீட்டுச் சாவி?

கேட்டுவிடத் தைரியம் வரவில்லை. அவனிடமும் ஒரு ரகசியம் இருந்தது. அவனுக்கு வலிப்பு உண்டு. மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரையை, கேட்கிறவர்களிடம் சத்து மாத்திரை என்று சொல்லி விழுங்குவான். கொஞ்ச நாள் ஒழுங்காகத் தின்பான், பிறகு நமக்குத்தான் சரியாகிவிட்டதே என்று நிறுத்திவிடுவான். நிறுத்தினால் வலிப்பு சும்மா இருக்குமா?

கடைசியாக ஆடி மாதம் இருக்கன்குடி கோயில் கூட்டத்தில் விழுந்தான். யாரோ ஒரு புண்ணியவதி முகத்தில் சோடா அடித்து எழுப்பிவிட்டு, அவன் முழுசாகக் கண்ணைத் திறப்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டாள். தெரிந்த முகம் ஒன்றும் அங்கே இல்லை என்பதில் அவனுக்கு அம்மனிடம் அளவில்லாத நன்றி. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். பானுப்பிரியாவுக்குத் தெரிந்தால் அவளும் போய்விடுவாள்.

அன்று மதியம் ஃபோர்மேன் ரத்தினசாமி கேட்டுக்கு வந்தார். தீபாவளி சீசன் லோடு கடுப்பில் இருந்தவர், நாளைக்கும் அந்தப் பெண் சாவியோடு வந்தால் வந்த வேனிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன், இனி அவளுக்கு இங்கே வேலை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர்க்காவலனால் இனிமேல் கேட்காமல் இருக்க முடியாது.

சாயங்காலம் சாவி வாங்க வந்தவளை வேலிக்கருவைப் புதர் ஓரமாக நிறுத்தினான். ஃபோர்மேன் சொன்னதைச் சொன்னான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"இது யாரு வீட்டுச் சாவி?"

"எந்த வீட்டுதும் இல்ல. சாத்தூர்ல பழைய இரும்புக் கடையில வாங்குனேன்."

பூட்டே இல்லாத சாவி. ஊர்க்காவலனின் மண்டைக்குள் விஷயம் மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்கியது. வலிப்பு வந்தவன் கையில் ஊரே எதைத் திணிக்கும்? இரும்புச் சாவியைத்தானே. அப்படியானால் இந்தப் பிள்ளைக்குமா? அடப்பாவமே என்று இருந்தது அவனுக்கு. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், தலைகால் புரியாத சந்தோஷமும் வந்தது.

"எனக்கு வெளங்கிருச்சு புள்ள, நீ வெக்கப்படாத" என்றான். "எனக்கும் வலிப்பு உண்டு. சத்து மாத்திரைன்னு நான் திங்கது அதுக்குத்தான். இரும்பெல்லாம் ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. என்னையக் கட்டிக்க. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல மதுரைக்குப் போயி, ஒரே டாக்டரப் பாத்து மாத்திரை வாங்கிட்டு வருவோம்."

விருதுநகர் மாவட்டத்திலேயே எவனும் இந்த லட்சணத்தில் பெண் கேட்டிருக்க மாட்டான். பானுப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு வலிப்பெல்லாம் கெடையாதுங்க."

வருஷக்கணக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துச் சொன்ன மாதிரி அவனே சொல்லிவிட்டான். இனிப் பெண்ணும் இல்லை. அவள் வேனில் போய் நாலு பேரிடம் சொன்னால் நாளைக்கு வேலையும் இல்லை. அழுகை வரும்போல இருந்தது. வேன்காரர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எதுக்கு இதைத் தெனமும் தூக்கிட்டு வந்த?" என்றான், கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற குரலில்.

அவள் அவன் கையிலிருந்த சாவியை வாங்கினாள். வழக்கம்போல் தாவணியில் முடிந்துகொள்ளவில்லை. இனிமேல் இதை நான் சுமந்து வரமாட்டேன், மாத்திரையை மட்டும் ஒழுங்காகத் தின்றால் போதும் என்று சொல்லி, அவன் சட்டைப்பைக்குள் அதைப் போட்டு, பையை மேலாகத் தட்டிவிட்டாள்.

"ஆடி மாசத்துலருந்து பகல் பூரா இது யாரு பையில கெடந்துச்சு?"