புரியாத பேராசிரியர்

"புரியல!"

ஏழாவது தடவையாகக் குறுக்கிட்டார் பேராசிரியர் எவிலாசியு.

பெலேம் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜுரேமா அக்காவின் முனைவர் பட்டத் தேர்வு. கூடம் முழுக்கச் சொந்தபந்தம். தேர்வுக் குழுத் தலைவரான இந்த மனுஷன் கையெழுத்துப் போடாவிட்டால் ஐந்து வருட உழைப்பும் குப்பைக்கூடைக்குத்தான்.

அக்கா மறுபடி ஆரம்பித்தாள். "சாகஸ் நோயின் வாய்வழித் தொற்று வீதம், சார்..."

"பு...ரி...ய...ல! போர்த்துக்கீசியத்துல சொல்லும்மா."

"அதுலதான் சார் சொல்றேன்!"

"அப்படியா? எனக்கு லத்தீன் மாதிரி கேக்குது."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்வரிசையில், எல்லோருக்கும் தருவதற்காகச் செய்த மரவள்ளிக் கேக்கை மடியில் வைத்திருந்த அக்காவின் அம்மா ஒஸ்மரீனா அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆத்தங்கரைப் பொண்ணுன்னா இவனுக்கு இளக்காரம். நாசமாப் போக!" என்று முணுமுணுத்தாள்.

"அந்த நோயைப் பரப்புற பூச்சி எப்படிம்மா வயித்துக்குள்ள போகுது?" அவர் விடவில்லை. "உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லு."

அக்கா காகிதத்தை மேஜையில் வீசினாள். குரல் உடைந்தது.

"அசாயிப் பழக் கூடையில பூச்சி ஒளிஞ்சுக்குது சார். பார்க்காம பழத்தோட சேர்த்து அரைச்சுக் குடிச்சிடுறோம். காய்ச்சல் வருது, இதயத்தைப் பிடிக்குது. பழத்தைச் சலிச்சு, கழுவி, கொதி வர்றதுக்கு முந்தின சூட்டுத் தண்ணியில பத்து எண்ணுற வரைக்கும் முக்கி, உடனே குளுந்த தண்ணியில போடணும். போதுமா?"

"எத்தனை எண்ணணும்?"

"பத்து!" கத்தியேவிட்டாள்.

மற்ற தேர்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். "தேர்ச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தவரை அத்தை வழிமறித்தாள். "படிச்ச மனுஷன்தானே நீங்க? எம்பொண்ணை ஏன் சார் இப்படி அழவெச்சீங்க?"

"முன்னூறு பக்க ஆய்வும்மா. நம்ம மொழியிலதான் இருக்கு, இணையத்துல இலவசம். ஆனா படிக்கவேண்டியவங்களுக்கு ஒரு வரி புரியாது. நான் கேட்டதெல்லாம் அவங்க கேள்விதான்."

சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். நாற்பது ஆற்றங்கரை ஊர்களின் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு மணி நேரமாக எல்லாவற்றையும் கேட்டபடி இணைப்பில் இருந்தார்கள்.

அதிலிருந்து ஒரு குரல் கரகரத்தது:

"சார், எங்களுக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சு. இனிமே அந்த அக்காவைத் திட்டாதீங்க, பாவம்!"