திரும்பிப் பார்க்காதவன்

நாயை விட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிற மனிதனை டார்லா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

பள்ளிக்கூடங்களுக்கு வசந்த விடுமுறை விட்டாயிற்று. விஸ்கான்சின் பனியில் மூன்று மாதம் விறைத்துக் கிடந்த ஊர், வெயிலைத் தேடி ஃப்ளோரிடாவுக்குப் பறந்துகொண்டிருந்தது. அவர்களின் நாய்கள் டார்லா நடத்தும் நாய் விடுதிக்கு வந்துகொண்டிருந்தன.

வருகிறவர்கள் சும்மா விட்டுவிட்டுப் போவதில்லை. வாசனைக்காகப் போட்டுக் கழற்றிய பனியன், பாதி கடித்த பொம்மை, இடி இடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிவான், திட்டாதீர்கள் என்று ஆயிரம் புத்திமதிகள். பெற்ற பிள்ளையை ஹாஸ்டலில் விடும்போதுகூட இவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. ஆறடி ஆண்பிள்ளைகள் கார்வரை போய்த் திரும்பி ஓடிவந்து, நாயைக் கட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சுவார்கள்.

கிரெக் என்று பெயர் சொன்ன இந்த ஆசாமியோ, கயிற்றை அவள் கையில் கொடுத்ததோடு சரி.

"பேர் என்னங்க?"

"ரஸ்டி."

"ரஸ்டி," என்று டார்லா கூப்பிட்டுப் பார்த்தாள். நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

"என்ன சாப்பிடுவான்?"

"போடறதைச் சாப்பிடும் மேடம். நாய்தானே."

டார்லாவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் கிரெக்கிடமிருந்து ஃபோன் வந்தது. ரஸ்டி உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பக்கத்துக் கூண்டுல ஒரு கறுப்பு லாப்ரடார் பார்த்தேனே, ரொம்ப அழகு. யாரோடதுங்க? அவங்க எப்ப ஊர் திரும்பறாங்க?"

பார்த்துச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்த டார்லாவுக்கு அந்தக் கேள்வி சரியாகப் படவில்லை. காரணம் இருந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளியூர் போன இரண்டு குடும்பங்களின் வீடுகளில் திருட்டுப் போயிருந்தது. இரண்டு வீட்டு நாய்களும் அப்போது அவள் விடுதியில்தான் இருந்தன. ஊர் வாய் சும்மா இருக்குமா? அவள் காபிக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுபோகிறது. இன்னும் ஒரு சந்தேகம் கிளம்பினால் விடுதியை இழுத்து மூடிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

ஊர்ப் போலீஸ்காரன் கென்ட் அவளோடு பள்ளியில் படித்தவன். நேரே அவனிடம் போனாள்.

"நாயை விசாரிக்கலைங்கறதுக்காக ஒருத்தனைப் பிடிச்சு உள்ளே போட முடியுமா, டார்லா?"

"உன் நாய் டக்கருக்குப் பல் பிடுங்கினப்ப ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்து அழுதது யாரு?"

கென்ட் மோவாயைத் தடவிக்கொண்டான். "சரி, என்ன பண்ணலாங்கற?"

"தூண்டில் போடலாம்."

கிரெக் மறுபடி கூப்பிட்டதும் டார்லா வெகுளிபோல வாய்விட்டாள்.

"அந்த லாப்ரடாரா? லிண்ட்குவிஸ்ட் வீட்டு நாய்ங்க. பிர்ச் தெருக் கோடியில வெள்ளை வீடு. குடும்பமே வெளியூர்ல இருக்கு, ஞாயித்துக்கிழமைதான் வருவாங்க."

அடுத்த நாளே கென்ட் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"பின்கதவை நெம்பிக்கிட்டிருந்தான். கையும் களவுமா பிடிச்சுட்டேன். அந்த நாயைக்கூட பக்கத்து ஊர்க் காப்பகத்துல போன வாரம்தான் வாங்கினானாம். உன் மூக்குக்கு முன்னாடி என் டக்கர் மூக்கெல்லாம் எம்மாத்திரம்?"

"கிறிஸ்துமஸ் திருட்டு ரெண்டும்?"

"அது நான் இல்லவே இல்லைன்னு பைபிள்மேல சத்தியம் பண்றான். எந்தத் திருடன் ஒத்துக்கிட்டிருக்கான்? அந்த ரெண்டையும் அவன் தலையிலதான் எழுதப்போறேன்."

டார்லாவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. கேட்பாரற்றுப் போன ரஸ்டியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பும் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காபிக் கடையில் அன்றைக்கு அவளிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். முகம் கொடுத்துப் பேசாமலிருந்தவர்கள் எல்லாம் தேடிவந்து தோளைத் தட்டினார்கள். கோடை விடுமுறைக்கு இப்போதே இடம் சொல்லி வைத்தவர்களும் உண்டு.

வெள்ளிக்கிழமை மதியம் கென்ட் மறுபடி வந்தான். இந்த முறை டக்கரோடு.

"இன்னிக்கு ராத்திரி நாங்களும் ஃப்ளோரிடா கிளம்பறோம். போன தடவை வரைக்கும் இவனை மாமியார் வீட்டுலதான் விட்டேன். இனிமே உன்னை விட்டா யாரை நம்பறது, சொல்லு?"

"தாராளமா விட்டுட்டுப் போ."

"அப்புறம், அந்தக் கிரெக் காலைல ஜாமீன்ல வந்துட்டான். என்னை முறைச்சுக்கிட்டே போனான். உன்கிட்ட ஏதாவது வாலாட்டினா ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணு."

"எனக்கென்ன பயம்? நீ நிம்மதியாப் போயிட்டு வா."

கென்ட் தன் பழைய சட்டையை நாயின் படுக்கையில் விரித்தான். கார்வரை போனான். திரும்பி ஓடிவந்து டக்கரைக் கட்டிக்கொண்டான். மறுபடி போனான்.

கார் தெருமுனை தாண்டும்வரை கையசைத்துவிட்டு உள்ளே வந்த டார்லா, டக்கருக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து ஊரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் தம்பி ராய்ஸை ஃபோனில் கூப்பிட்டாள்.

"டேய், கென்ட் வீடு இன்னிக்கு ராத்திரியில இருந்து காலி, அந்தக் கிரெக்கும் வெளியே வந்துட்டான், இந்தத் தடவை ஊர் என் பக்கம் திரும்பியே பார்க்காது. கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்த வண்டி பத்தாது, பெரிய வண்டியா எடுத்துக்கிட்டு வா."