பச்சைக்கு அடியில்

ஊருக்கு வெளியே ஒரு குளம் இருந்தது. அதன்மேல் ஆகாயத்தாமரை இடைவெளியின்றிப் படர்ந்திருந்தது. வானில் சுற்றிவந்த செயற்கைக்கோள் அதைப் படம் எடுத்தது.

"முழுவதும் பச்சையாக இருக்கிறது. வரைபடத்தில் தரை என்று குறித்துக்கொள்கிறேன்" என்றது.

"ஐயோ தம்பி, நான் குளம்!" என்று குளம் பதறியது. "தரை என்று நீ குறித்துவிட்டால், லாரிகள் வந்து என்மேல் மண்ணைக் கொட்டிவிடும்."

"எனக்குத் தெரிவதைத்தானே நான் குறிக்க முடியும், அக்கா? அடுத்த சுற்றில் நீரைக் காட்டுங்கள், மாற்றிவிடுகிறேன்."

இலைகளை விலக்கக் குளத்துக்குக் கை ஏது? அது விம்மியது கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமைக்குக் கேட்டது.

"அவ்வளவு உயரத்திலிருந்து உலகத்தையே பார்க்கிறவனுக்கு ஓர் இலைக்கு அடியில் இருப்பது தெரியவில்லையாக்கும்!" என்று எருமை செருமியது. "அழாதே. நாங்கள் இருக்கிறோம்."

அது தன் சுற்றத்தையெல்லாம் அழைத்துக்கொண்டு இறங்கியது. எருமைகள் புரண்ட இடமெல்லாம் இலைகள் ஒதுங்கின. நெடுநாளுக்குப் பின் குளம் வானத்தைப் பார்த்தது.

செயற்கைக்கோள் திரும்பி வந்தது. "நீர் தெரிகிறது, அக்கா! நீலம் தீட்டிவிட்டேன். நடுவில் கறுப்பாகச் சில திட்டுகள் இருக்கின்றனவே, அவற்றை என்னவென்று குறிப்பது?"

எருமைகள் கண்மூடிக் கிடந்தன. அவை விழித்துவிடாதபடி குளம் தன் அலைகளை அடக்கிக்கொண்டது.

"அவற்றையும் நீர் என்றே குறித்துக்கொள், தம்பி" என்றது.