நெற்றியில் இருந்த கண்ணாடி

அவர் விட்ட கல் பொதிகை மலை வரைக்கும் போய், அங்கே கொஞ்ச நேரம் சாரலில் நனைந்து, பாறையில் முட்டித் திரும்பி வந்து அவர் கண்ணிலேயே விழுந்ததாம்.

விழும்போது ஈரமாக வேறு இருந்ததாம்.

கண் ஆஸ்பத்திரியின் நீல நாற்காலியில் உட்கார்ந்து, வலது கண்ணில் மடித்த கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார்.

ஆட்டோக்காரரிடம் சொன்னபோது கல் அவ்வளவு தூரம் போகவில்லை. ஊர் எல்லையில் இருக்கும் செல்போன் கோபுரத்தோடு திரும்பிவிட்டது. சீட்டு வாங்கும் இடத்தில் ரயில்வே பாலத்தைத் தாண்டியது. நாற்காலிக்கு வருவதற்குள் மலை ஏறிவிட்டது.

இன்னும் கொஞ்சம் காக்க வைத்திருந்தால் கேரளாவுக்குள் நுழைந்து ஒரு சாயாவும் குடித்துவிட்டு வந்திருக்கும்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்மூடிக் கிடந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

யாரும் நம்பவில்லை. நம்பாததால் யாரும் மறுக்கவும் இல்லை.

மறுத்தவள் கூட வந்த அவர் மனைவி மட்டும்தான்.

"இவுக பஸ் ஓட்டும்போதே அப்படித்தான். ஸ்டாப்பத் தாண்டித்தான் நிப்பாட்டுவாக. கல்லு எங்கயும் போகல. உண்டிவில்லு ரப்பர் அந்து மூஞ்சியில அடிச்சிருக்கு."

நாற்காலி நாற்காலியாக அதைச் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

கைக்குட்டையின் ஓரம் சிவந்திருந்தது. அவர் அதை உள்பக்கமாக மடித்துக்கொண்டார்.

இடது கண்ணில் ஏற்கனவே புரை முற்றியிருந்தது. அந்தக் கண்ணுக்கு அவள் ஒரு மஞ்சள் நிறம். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு, ஸ்டியரிங்கை விட்ட கைக்குப் பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது. உண்டிவில் கிடைத்தது. மொட்டை மாடி கிடைத்தது. எதிர்வீட்டுக்காரர் கட்டடம் கட்டி மிச்சம் விட்ட ஜல்லி கிடைத்தது.

மகள் ஒரு கண்ணாடி வாங்கி அனுப்பினாள். பட்டறையில் இரும்பு அறுக்கிறவர்கள் போடுவது. போட்டுக்கொண்டுதான் படி ஏறுவார். ஏறியதும் நெற்றிக்குத் தள்ளிவிடுவார்.

வியர்வையில் மங்குகிறதாம். அதோடு, நெற்றியில் இருந்தால் விமானம் ஓட்டுகிறவர் மாதிரி இருக்கிறதாம்.

இப்போதும் நெற்றியில்தான் இருந்தது. ஒரு கீறல் இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் மகள் வயதுப் பெண். கைக்குட்டையை எடுத்தாள். விளக்கை அடித்துப் பார்த்தாள். ரத்தம் கட்டியிருந்தது. வெளிச்சம் உள்ளே போகவில்லை.

என்ன பட்டது என்று கேட்டாள்.

அவர் மலையிலிருந்து தொடங்கினார். டாக்டர் லேசாகச் சிரித்துவிட்டு அவர் மனைவியைப் பார்த்தாள்.

ரப்பர் என்றாள் அவள்.

டாக்டர் சிரிப்பதை நிறுத்தி நிதானமாக விளக்கினாள். ரப்பர் என்றால் மேலே பட்ட அடி. மருந்து போட்டுப் பார்க்கலாம். கல் எதிலாவது மோதித் தெறித்திருந்தால் வேறு. துணுக்கு உள்ளே போயிருக்கலாம். உடனே ஸ்கேன். இருந்தால் இன்றைக்கே அறுவை. தள்ளிப்போட்டால் இந்தக் கண்ணும் போய்விடும்.

"நிஜமாவே கல்லு திரும்பி வந்துச்சா ஐயா? எதுல பட்டுச்சு?"

அவர் வாயைத் திறந்தார்.

மலை வரவில்லை. பாலமும் கோபுரமும் வரவில்லை.

ஒற்றைக் கண்ணை மஞ்சள் நிறத்தின் பக்கம் திருப்பினார்.

"அவதான் சொல்லுதாளே. ரப்பர்னே எழுதிக்கிடுங்க."

விட்ட கதையை அவர் திரும்ப வாங்கிக்கொண்டதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

தரையைப் பார்த்தாள்.

ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் மாடியில் மயங்கி விழுந்தார். கீழே அடுப்படியில் இருந்த அவளுக்குத் தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டு, பதில் வராமல், மேலே போய்ப் பார்த்தபோது வெயில் அவர் மேல் நன்றாக ஏறியிருந்தது.

அதுவரை அட்டைப்பெட்டியைத்தான் சுட்டுக்கொண்டிருந்தார். பெட்டியில் பட்டால் சத்தம் கேட்காது. மறுநாள் பெட்டி போய், துணிக்கொடியில் ஓர் எவர்சில்வர் தட்டு தொங்கியது. பிறந்த வீட்டுச் சீர். விளிம்பில் ஆவுடையம்மாள் என்று அவள் பெயர் வெட்டிய தட்டு.

காய் நறுக்குவாள். மேலே டங்.

இருக்கிறார்.

சோறு வடிப்பாள். டங்.

இருக்கிறார்.

இன்று காலை ஒரு டங் கேட்டது. அடுத்தது கேட்கவில்லை.

ஆட்டோவில் சொன்ன கதையில் தட்டு இல்லை. சீட்டு வாங்கும் இடத்தில் இல்லை. மலை வரைக்கும் போன கல், வழியில் எங்கேயும் ஒரு தட்டைப் பார்க்கவில்லை.

டாக்டர் சொட்டு மருந்தின் பெயரை எழுத ஆரம்பித்தாள்.

ஆவுடையம்மாள் மேசையில் கை வைத்தாள். பேனா நின்றது.

"வந்துச்சு டாக்டரம்மா" என்றாள். "கல்லு திரும்பித்தான் வந்துச்சு. தட்டுல பட்டு. தட்டக் கட்டுனது நான்."