பக்கத்து நாற்காலி

"மனசுக்கு வைத்தியம் பார்த்துட்டு வர்றவங்களாம். காலியா இருக்கறது என் பக்கத்து நாற்காலிதான். தினமும் நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா?" என்று காசாளரிடம் புலம்பியபடியே, கணக்கு எழுதும் அக்கா தன் கத்திரிக்கோலை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

புதிதாகச் சேரப்போகிறவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று எல்லோருமாகச் சேர்ந்து பொது விதிகள் வகுக்க அன்று கூட்டம். அதை நடத்த மேலாளர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். அவள் வந்ததுமே அறை கலகலத்தது.

"அவங்களைக் கிண்டல் பண்ணலாமா?" என்றார் காசாளர்.

"பண்ணாம விட்டாத்தான் தப்பு!" என்று சிரித்தாள் அந்தப் பெண். "அக்கா, உங்களுக்கு மனசு சரியில்லேன்னா என்ன வேணும்?"

அக்காவை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வாரம் கழிப்பறையில் நின்று அழுதது நினைவுக்கு வந்தது.

"காரணம் கேட்காம யாராவது ஒரு டீ கொடுத்தாப் போதும்மா."

"அதுதான் முதல் விதி!"

பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்க அவள் கத்திரிக்கோல் கேட்டாள். அக்கா பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

"உன்னை மாதிரி ஒருத்தி பக்கத்துல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! சரி, அவங்க எப்ப வர்றாங்க?"

"வந்தாச்சுக்கா."

அவள் கத்திரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கத்திரிக்கோலை மேஜை மேலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கக்கா போறீங்க?"

"டீ போட. நீயும் காரணம் கேட்கக் கூடாது!"