உங்களுக்கு எத்தனை பேர்?

அந்த அம்மாள் வாசற்படியில் நின்றபடியே மாத்திரை அட்டையை எங்களிடம் திருப்பி நீட்டினாள்.

ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பத்தும் அப்படியே இருந்தன.

உள்ளே பாயில் அவளுடைய ஆறு வயது மகள் சுருண்டு கிடந்தாள். காலையிலிருந்து ஐந்து தடவை வயிற்றால் போயிருக்கிறது. கண் உள்ளே போய், உதடு காய்ந்து, கூப்பிட்டால் 'ம்' கொட்டவே நேரம் எடுத்துக்கொண்டது பிள்ளை.

அதே தெருவில் மூன்று பேர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து நான்கு நாள் ஆகிறது. ஒரு குடத்துக்கு ஒரு குளோரின் மாத்திரை, அரை மணி நேரம் மூடி வை, பிறகு குடி. நானும் அக்காவும் வீடு வீடாகச் சொல்ல வந்தது இவ்வளவுதான். அக்கா என்றால் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ். எல்லோருக்கும் அவள் அக்காதான்.

ஆனால் எங்களுக்கு முன்னால் வேறொரு பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. மாத்திரை போட்ட தண்ணீரைக் குடித்தால் பிள்ளை பிறக்காதாம்.

இதைப் பரப்பியதில் எங்கள் ஆபீசுக்கும் பங்குண்டு. ஏதோ இரண்டு தெருவில் யாரோ கிளப்பிவிட்டது. அதை மறுக்கிறேன் பேர்வழி என்று ஒரு நோட்டீஸ் அடித்தார்கள். மேலே சிவப்பில், கொட்டை எழுத்தில், 'மாத்திரை கரைத்த தண்ணீரைக் குடித்தால் பிள்ளை பிறக்காதா?' கீழே பொடி எழுத்தில், 'இது வதந்தி. நம்ப வேண்டாம்.' நாற்பது தெருவுக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். நானும்தான் கொடுத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். சிவப்பை எல்லோரும் படித்தார்கள்.

ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது. வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கினால்தான் பிள்ளை தாங்கும். பொட்டலம் என் பையில் இருந்தது. மாத்திரை போட்ட நல்ல தண்ணீர் அக்காவின் பாட்டிலில் இருந்தது.

அந்த அம்மாள் இரண்டையும் உள்ளே விடவில்லை. பெண் பிள்ளை, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போய் வாழ வேண்டாமா என்று கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்துபோயிருந்தாள்.

எங்கள் வேலையில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. பொய் சொல்லக் கூடாது, நல்லதற்காகக்கூட. ஒரு பொய் பிடிபட்டால் அதுவரை சொன்ன நூறு உண்மையும் செல்லாமல் போய்விடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே அக்காதான்.

அக்கா வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். பாட்டிலைத் திறந்து அவள் எதிரிலேயே மடக் மடக்கென்று குடித்தாள். எங்கே தண்ணீர் கெட்டாலும் பதினைந்து வருஷமாக இதைத்தான் குடிக்கிறேன் என்றாள்.

எத்தனையோ வீட்டில் பலித்த வித்தை. இங்கே அதுவே காலை வாரியது. அந்த அம்மாள் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"பதினஞ்சு வருசமாக் குடிக்கறேன்னு சொல்றீங்க. உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அக்கா பாட்டிலை மூடினாள். மூடியை இறுக்கித் திருகினாள்.

"ரெண்டு. பெரியவ ஏழாவது. சின்னவன் மூணாவது, சரியான பயந்தாங்கொள்ளி. பகல்லகூட அவன் பாத்ரூம் போனா, வெளிய ஒரு ஆள் பாடிக்கிட்டே இருக்கணும்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். தன் பெண்ணும் அப்படித்தான் என்றாள். சொல்லிக்கொண்டே வழியை விட்டாள்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்தேன், அக்கா கரைத்தாள். ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினோம். மூன்றாவது ஸ்பூனில் பிள்ளை வாந்தி எடுத்தது. பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஆரம்பித்தோம். கால் மணி கழித்துத் தானாகவே இன்னும் வேண்டும் என்று கேட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வெளியே பெண்கள் மாத்திரை அட்டையைத் தேட அவரவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த அம்மாள், ஒரு மரியாதைக்கு என் பக்கம் திரும்பி, எனக்கு எத்தனை பேர் என்று கேட்டாள்.

திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். பிறகு, ஒரே பெண், பத்தாவது படிக்கிறாள் என்றேன். எந்தப் பள்ளிக்கூடம், எப்படிப் படிக்கிறாள் என்று அவள் விடவில்லை. இல்லாத பெண்ணுக்குக் கணக்கில் எழுபத்திரண்டு மார்க் போட்டேன்.

எனக்கும் இரண்டு பேர்தான். ஏழாவதும் மூன்றாவதும். வெளியே நின்று பாடுகிறவள் நான்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அதனால் அவள் எதிரில் என் பிள்ளைகளைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டு எனக்கு வேலை இருக்கும் நாளில் சின்னவனுக்கு நான் போனில்தான் பாட வேண்டும். ஆபீஸ் வராந்தாவின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, அடிக்குரலில் இருவரோடும் பேசுவேன், பாடுவேன். அக்கா மனசு நோகக் கூடாதே என்று அவ்வளவு தூரம் போவேன்.

அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.